கருப்பையைச் சுத்தம் செய்த பிறகு மாதவிலக்கு குறைந்துபோவது ஏன்? ஆஷர்மேன் நோய்க்குறி பற்றி ஒரு விரிவான பதில்

உங்கள் தங்கைக்கு ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்ததாகவும், உள்ளே மிச்சம் இருக்கிறது என்று டி அண்ட் சி (கருப்பையின் உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தல்) செய்ததாகவும், இரத்தப்போக்கு நிற்காததால் சில வாரங்களில் இன்னொரு முறையும் அதையே செய்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதுவரை ஐந்து நாள் வந்துகொண்டிருந்த மாதவிலக்கு இப்போது அரை நாள் கறையோடு நின்றுவிடுகிறது. தைராய்டு, புரோலாக்டின், எஃப்எஸ்எச் ஆகிய ஹார்மோன்கள் எல்லாம் சரியான அளவில் இருக்கின்றன. ஸ்கேன் அறிக்கையில் உள்படலம் 3 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. ஒரு மருத்துவர் மன அழுத்தம் என்கிறார், இன்னொருவர் ஆஷர்மேன் நோய்க்குறியாக, அதாவது கருப்பையின் உட்சுவர்கள் தழும்பால் ஒட்டிக்கொண்ட நிலையாக, இருக்கலாம் என்கிறார். இது அதுதானா, எப்படி உறுதி செய்வது, குணமாகுமா, அவளால் இனிக் குழந்தை பெற முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

நேரில் பரிசோதிக்காமல் எவரும் நோயைத் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் படிக்கும்போது, இரண்டாவது மருத்துவரின் சந்தேகத்தைத்தான் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கர்ப்பம் தொடர்பான சுத்தம் செய்தலுக்குப் பிறகு மாதவிலக்கு திடீரெனக் குறைந்து, ஹார்மோன்கள் இயல்பாகவே இருந்தால், கோளாறு மூளையிலோ சினைப்பையிலோ இல்லை, கருப்பைக்குள் இருக்கிறது என்றுதான் யோசிக்கத் தொடங்க வேண்டும். மன அழுத்தத்தால் மாதவிலக்கு தள்ளிப்போகும், சில சமயம் நின்றும் போகும். மாதம் தவறாமல் அந்தந்த நாளில் வந்து, அளவு மட்டும் அரை நாள் கறையாகச் சுருங்குவதற்கு அது காரணமாவது அரிது.

கருப்பையின் உள்படலம் இரண்டு அடுக்குகளால் ஆனது. மேலடுக்கு மாதந்தோறும் ஈஸ்ட்ரோஜனால் வளர்ந்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து மாதவிலக்காக வெளியேறுகிறது. அடியடுக்கு உதிர்வதில்லை, அதிலிருந்துதான் ஒவ்வொரு மாதமும் மேலடுக்கு புதிதாக வளர்கிறது. அறுவடை முடிந்த பிறகும் வயலில் நிற்கும் தாளிலிருந்து மறுதாம்புப் பயிர் துளிர்ப்பதைப் போன்றது இது. தாளை வேரோடு பிடுங்கிவிட்டால் துளிர்க்க எதுவும் இருக்காது. கர்ப்பத்தின்போதும் அதற்குப் பின் சில வாரங்களும் கருப்பைச் சுவர் மிருதுவாக இருக்கும், கர்ப்பம் முடிந்த பின் ஈஸ்ட்ரோஜனும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் க்யூரெட் என்ற கூர்மையான சுரண்டும் கருவியைக் கொண்டு உள்ளே பார்க்க முடியாமல் சுரண்டும்போது அடியடுக்கும் சேர்ந்து போய்விடக்கூடும். தோலிழந்த இரண்டு புண்பரப்புகள் எதிரெதிரே தொட்டுக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும். முன்சுவரும் பின்சுவரும் அப்படித்தான் ஒட்டுகின்றன. சிலருக்கு ஒன்றிரண்டு மெல்லிய இழைகள் மட்டும் உருவாகின்றன. வேறு சிலருக்குக் குழி முழுவதுமே தழும்பால் மூடிவிடுகிறது. பிரசவமான இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் செய்யப்படும் சுரண்டலும், உங்கள் தங்கைக்கு நடந்ததைப் போன்ற இரண்டாம் முறைச் சுரண்டலும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

1894-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் ஃபிரிட்ஷ் இத்தகைய ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1948-இல் இஸ்ரேலிய மருத்துவர் யோசெப் ஆஷர்மேன் 29 பெண்களின் வரலாறுகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் இது தனியொரு நோயாக நிலைபெற்றது. 1982-இல் 1,856 நோயாளிகளைத் தொகுத்து வெளியான ஒரு மீளாய்வில், பத்தில் ஒன்பது பேருக்குக் கர்ப்பம் தொடர்பான கருப்பைக் காயமே காரணமாக இருந்தது. இதுதவிர, ஃபைப்ராய்டு கட்டி அகற்றுதல், பிறவியிலேயே கருப்பைக்குள் இருக்கும் தடுப்புச்சுவரை வெட்டுதல், பிரசவ இரத்தப்போக்கை நிறுத்தப் போடும் இறுக்கத் தையல்கள் போன்ற சிகிச்சைகளுக்குப் பின் இது வரலாம். அரிய நோய் என்று சொல்லப்பட்டாலும், கண்டுபிடிக்கப்படாமல் போவதும் அதற்கு ஒரு காரணம். கருச்சிதைவுக்குப் பின் கருப்பைக்குள் பார்த்தவர்களை ஆராய்ந்த ஒரு தொகுப்பாய்வில் ஏறத்தாழ 19 சதவீதம் பேரிடம் ஏதோ ஓர் அளவில் ஒட்டல்கள் காணப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை லேசானவை. பலருக்கு அவற்றால் தொந்தரவு எதுவும் இருக்காது.

நம் நாட்டில் இன்னொரு காரணத்தை மறக்கவே கூடாது. அது காசநோய். நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியாகக் கருக்குழாய்களுக்கும் அங்கிருந்து கருப்பைக்கும் பரவும் காசநோய், இருமலோ காய்ச்சலோ இல்லாமலேயே உள்படலத்தை அழித்துவிடக்கூடும். சுத்தம் செய்ததன் பின்விளைவாகத் தோன்றும் ஒரு நிலைக்கு அடியில் காசநோயும் இருக்கலாம் என்பதால், உங்கள் தங்கைக்கு அல்லது வீட்டில் யாருக்காவது முன்பு காசநோய் இருந்ததா என்பதை மருத்துவரிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

அறிகுறிகளைப் பொறுத்தவரை, மாதவிலக்கு குறைவது அல்லது அறவே நிற்பது, குழந்தை தங்காமை, அடுத்தடுத்துக் கரு கலைவது ஆகியவை முக்கியமானவை. கருப்பை வாய்ப் பகுதி மட்டும் ஒட்டி மூடிக்கொண்டால், உள்ளே வந்த இரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கி, மாதந்தோறும் அதே நாட்களில் அடிவயிற்றில் கடும் வலி வரும், கறைகூடப் படாது. இப்படிப்பட்டவர்களுக்கு மேலே உள்ள படலம் பெரும்பாலும் நன்றாகவே இருப்பதால், சிகிச்சையின் பலனும் நன்றாக இருக்கும். மாதவிலக்கு முற்றிலும் இயல்பாக இருந்தும் உள்ளே ஒட்டல் இருப்பவர்களும் உண்டு.

இனி நோயை உறுதிசெய்வது. முதலில் அவள் மீண்டும் கர்ப்பமாக இல்லை என்பதைப் பரிசோதித்துவிட வேண்டும். எளிய விஷயம், ஆனால் விட்டுப்போகிற விஷயம். ஹார்மோன் சோதனைகள் முடிந்துவிட்டன, நல்லது. பிரசவத்தில் மிகுந்த இரத்தம் இழந்தவர்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டு மாதவிலக்கு நின்றுபோகும் ஷீஹன் நோய்க்குறி என்ற ஒன்று உண்டு. அதில் பால் சுரக்காமை, கடும் சோர்வு போன்றவை சேர்ந்திருக்கும், ஹார்மோன் அளவுகளும் மாறியிருக்கும். உங்கள் தங்கையின் கதை அதுவல்ல. சில மருத்துவர்கள் புரொஜெஸ்டிரோன் மாத்திரை சில நாட்கள் கொடுத்து, நிறுத்திய பின் இரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஈஸ்ட்ரோஜனும் சேர்த்துக் கொடுத்த பிறகும் வராவிட்டால் கோளாறு கருப்பையில்தான் என்று பொருள். பயனுள்ள சோதனைதான், ஆனால் அதைத் திரும்பத் திரும்பச் செய்து மாதக்கணக்கில் காலத்தைக் கடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்கேன் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று அறிக்கையில் பாருங்கள். மாதவிலக்கு முடிந்த உடனே எடுத்திருந்தால் எந்தப் பெண்ணுக்கும் உள்படலம் மெல்லியதாகவே இருக்கும். அந்த 3 மில்லிமீட்டருக்குப் பொருளே இல்லை. சுழற்சியின் நடுப்பகுதியில், சினைமுட்டையைத் தாங்கிய நீர்ப்பை (ஃபாலிக்கிள்) 18 முதல் 20 மில்லிமீட்டர் வரை வளர்ந்து நிற்கும் நேரத்தில் படலம் பொதுவாக 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்போதும் 3 என்றால் அது கவலைக்குரியது. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் படலத்தின் கோடு இடையிடையே அறுந்து தெரிவதும் ஓர் அடையாளம். கருப்பைக்குள் சிறிது உப்பு நீரைச் செலுத்திக்கொண்டே ஸ்கேன் செய்தால், விரிய வேண்டிய குழி விரியாமல் குறுக்கே இழைகள் நிற்பது தெரியும். மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் எச்எஸ்ஜி சோதனையில் ஒட்டல் இருக்கும் இடங்களில் மருந்து நிரம்பாமல் கோணல்மாணலான வெற்றிடங்கள் விழும். கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்பதையும் அது காட்டும். ஆனால் காற்றுக்குமிழியோ சளியோகூட அதே போன்ற வெற்றிடத்தைத் தரலாம் என்பதால், எச்எஸ்ஜியை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது.

முடிவைச் சொல்வது ஹிஸ்டரோஸ்கோப்பிதான். 3 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய கேமராக் குழாயைக் கருப்பை வாய் வழியாக உள்ளே செலுத்தி, உப்பு நீரால் குழியை விரித்துப் பார்ப்பது இது. இளஞ்சிவப்பாகப் பட்டுப்போல இருக்க வேண்டிய பரப்பில், வெளுத்த நிறத்தில் தூண்களாகவோ திரைகளாகவோ ஒட்டல்கள் நிற்கும். ஆரோக்கியமான கருப்பையில் மேல் மூலைகள் இரண்டிலும் கருக்குழாய்களின் வாய்கள் சிறு கரும்புள்ளிகளாகத் தெரியும். அந்த இரண்டும் தெரிகின்றனவா என்பதுதான் பார்க்கிற மருத்துவர் முதலில் தேடுவது, ஏனென்றால் தான் உண்மையில் குழியின் உச்சிக்கு வந்துவிட்டோமா, தழும்பின் முன்னால் நின்றுவிட்டோமா என்பதை அவைதான் சொல்லும். 1978-இல் வகுக்கப்பட்ட ஒரு முறையின்படி, குழியில் கால் பங்குக்கும் குறைவாக மெல்லிய ஒட்டல்கள் இருந்தால் லேசானது, கால் முதல் முக்கால் பங்கு வரை நடுத்தரம், அதற்கும் மேல் என்றால் கடுமையானது. 1988-இல் அமெரிக்கக் கருவுறுதல் சங்கம் கொண்டுவந்த முறை மாதவிலக்கின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எந்த முறையானாலும், அறிக்கையில் 'ஒட்டல் இருக்கிறது' என்று மட்டும் எழுதாமல், எங்கே, எவ்வளவு, மெல்லியதா தடித்ததா, குழாய் வாய்கள் தெரிந்தனவா என்று எழுதித் தரும்படியும், கிடைத்தால் காணொளியும் தரும்படியும் கேளுங்கள். பின்னால் இன்னொரு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவருக்கு இதைவிட உதவும் காகிதம் வேறில்லை.

உள்ளே பார்க்கும்போதே சிறு துணுக்குத் திசு எடுத்துக் காசநோய்க்கு அனுப்பச் சொல்லுங்கள். நுண்நோக்கிப் பரிசோதனை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பதில் ஓரளவு நம்பகமாக இருக்கும், ஏனென்றால் இங்கே கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஒரு சோதனையில் 'இல்லை' என்று வந்ததாலேயே இல்லை என்று ஆகிவிடாது. எச்எஸ்ஜியில் கருக்குழாய்கள் மணிமாலைபோல முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. காசநோய் உறுதியானால் முதலில் அதற்கு ஆறு மாதக் கூட்டு மருந்து சிகிச்சை. அரசுத் திட்டத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. நோய் உயிர்ப்போடு இருக்கும்போது ஒட்டலைப் பிரிக்கும் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படக் கூடாது. காசநோயால் வந்த தடித்த ஒட்டல்களில் பலன் மற்றவற்றைவிடக் கணிசமாகக் குறைவு என்பதையும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

சிகிச்சை என்பது ஹிஸ்டரோஸ்கோப்பி வழியாகவே ஒட்டல்களைப் பிரித்தெடுப்பது. இதில் ஒன்றை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் அறுவை சிகிச்சைதான் கிடைக்கப்போகும் வாய்ப்புகளில் மிக நல்லது. ஒவ்வொரு தவறான முயற்சியும் மிச்சமிருக்கும் நல்ல படலத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். ஆகவே 'இன்னொரு டி அண்ட் சி செய்து ஒட்டலை எடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். பார்க்காமல் சுரண்டியதால் வந்த நோய்க்குப் பார்க்காமல் சுரண்டுவது மருந்தாகாது. அதே காரணத்தால், ஹிஸ்டரோஸ்கோப்பி செய்யும் மருத்துவர் எல்லாரும் இதைச் செய்யத் தகுந்தவர் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. வருடத்தில் ஏறக்குறைய எத்தனை பேருக்கு இதே அறுவையைச் செய்கிறீர்கள், கத்தரிக்கோல் பயன்படுத்துவீர்களா மின்கருவியா, மறுபடி ஒட்டாமல் இருக்க என்ன செய்வீர்கள், திரும்ப எப்போது உள்ளே பார்ப்பீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அனுபவமுள்ள மருத்துவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எங்கே இந்த அறுவை வழக்கமாக நடக்கிறது என்று விசாரித்துப் போகலாம்.

அறுவையில் மெல்லிய ஒட்டல்கள் கேமராக் குழாயின் முனை பட்டதுமே பிரிந்துவிடும். தடித்தவற்றை நுண்ணிய கத்தரிக்கோலால், நடுவிலிருப்பதை முதலிலும் ஓரங்களில் இருப்பதைப் பிறகுமாக, சிறிது சிறிதாக வெட்டுவார்கள். மின்சாரக் கருவியும் பயன்படுகிறது, ஆனால் அதன் வெப்பம் பக்கத்திலுள்ள நல்ல படலத்தைச் சுடக்கூடும் என்பதால் கத்தரிக்கோலையே நான் விரும்புகிறேன். தழும்பு எங்கே முடிகிறது, கருப்பைத் தசை எங்கே தொடங்குகிறது என்று உள்ளிருந்து பார்த்தால் புரியாத கடினமான நிலைகளில், வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொண்டே அல்லது லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) துணையோடு செய்வது பாதுகாப்பு. கருப்பையில் துளை விழுவதுதான் இந்த அறுவையின் முக்கியமான ஆபத்து. கடுமையான நிலையில் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும் என்று முயலாமல், இரண்டு அல்லது மூன்று தவணைகளாகச் செய்வதே அறிவுடைமை. தவணையாகச் செய்வதை மருத்துவரின் தோல்வி என்று நினைத்து மனம் தளர வேண்டாம்.

பிரித்த பரப்புகள் திரும்ப ஒட்டிக்கொள்வதுதான் இந்நோயின் பெரிய தொல்லை. லேசான, நடுத்தர நிலைகளில் மூவரில் ஒருவருக்கும், கடுமையான நிலையில் மூவரில் இருவருக்கும் இது நேரக்கூடும். தடுப்பதற்காகச் சில நாட்கள் கருப்பைக்குள் சிறு பலூன் வைப்பதும், ஹயலூரோனிக் அமில ஜெல் பூசுவதும், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சில வாரங்கள் கொடுத்துப் படலத்தை வளரவிட்டு இறுதியில் புரொஜெஸ்டிரோன் சேர்ப்பதும் வழக்கம். காப்பர்-டி வைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது; செம்பு அழற்சியைத் தூண்டும், அதன் வடிவமும் சுவர்களை முழுவதுமாக விலக்கி வைக்காது, ஆகவே அது ஏற்றதல்ல. ஹார்மோன் லூப்பும் வேண்டாம், அது படலத்தை வளரவிடாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஓரிரு வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் மறுபடி ஒரு முறை மெல்லிய கேமராவால் உள்ளே பார்ப்பது. புதிதாக உருவாகும் ஒட்டல் அப்போது சிலந்திவலை போல மென்மையாக இருக்கும், எளிதில் விலகிவிடும். செலவைக் கருதி இந்த மறுபார்வையைத் தவிர்த்துவிடுகிறார்கள். மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள்.

ஆஸ்பிரின், சில்டெனாஃபில், சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் பிஆர்பி ஊசி ஆகியவையும் உங்களிடம் சொல்லப்படலாம். அவற்றுக்கான சான்று இன்னும் போதுமானதாக இல்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் பற்றி நம் நாட்டிலும் ஸ்பெயினிலும் நோயாளிகளிடம் நடந்த சிறு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் அவை ஆய்வுகள். முறையான ஆய்வுக்கு வெளியே லட்சக்கணக்கில் பணம் கேட்டு அதைச் சிகிச்சையாக விற்பவர்களிடம் போக வேண்டாம்.

குழந்தை பெற முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். சிகிச்சைக்குப் பிறகு மாதவிலக்கு பெரும்பாலானவர்களுக்குத் திரும்புகிறது. லேசான, நடுத்தர நிலையில் உள்ளவர்களில் பலர் இயற்கையாகவே கருவுறுகிறார்கள். கடுமையான நிலையில் அந்த வாய்ப்பு கணிசமாகக் குறைகிறது, ஆனால் அற்றுப்போவதில்லை. எத்தனை சதவீதம் என்று உள்ளே பார்ப்பதற்கு முன்பே யாராவது சொன்னால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். பிரித்த பின் எவ்வளவு நல்ல படலம் மிஞ்சியிருக்கிறது என்பதும் அவளுடைய வயதும்தான் அதைத் தீர்மானிக்கும். அரை நாளாவது கறை படுகிறது என்றால் உதிரும் படலம் கொஞ்சமேனும் உயிரோடு இருக்கிறது. அதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். எல்லா முயற்சியும் பலனளிக்காத நிலையில் வாடகைத் தாய் வழி உண்டு. 2021-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியாவில் பணம் பெறாமல் செய்யும் வாடகைத் தாய் முறைக்கு மட்டுமே அனுமதி. மருத்துவக் காரணம் சான்றளிக்கப்பட வேண்டும், மனைவியின் வயது 23 முதல் 50-க்குள்ளும் கணவரின் வயது 26 முதல் 55-க்குள்ளும் இருக்க வேண்டும். ஆனால் உங்கள் தங்கை இப்போது நிற்கும் இடத்திலிருந்து அது வெகு தொலைவில் இருக்கிறது.

ஒருவேளை அடுத்த கர்ப்பமும் கலைய நேர்ந்தால், உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு இல்லாதவரை, மருந்து கொடுத்து வெளியேற்றுவதைப் பற்றி முதலில் பேசுங்கள். கருவி தேவைப்பட்டால் உறிஞ்சும் முறை அல்லது ஹிஸ்டரோஸ்கோப்பியால் பார்த்துக்கொண்டே எடுப்பது நல்லது. கூர்மையான க்யூரெட்டுக்குப் பதிலாக உறிஞ்சும் முறையையே பயன்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் நெடுநாட்களாகச் சொல்லிவருகிறது.

கர்ப்பம் தங்கி வளர்ந்தால் கவனிக்க வேண்டிய ஒன்று நஞ்சுக்கொடி. அடியடுக்கு இல்லாத இடங்களில் அது கருப்பைத் தசைக்குள்ளேயே ஊன்றிக்கொள்ளக்கூடும். அப்படி ஊன்றினால் பிரசவத்தில் அது பிரியாமல் பெரும் இரத்தப்போக்கு ஏற்படும். குறைப்பிரசவத்துக்கும் குழந்தையின் வளர்ச்சி குறைவதற்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். எனவே முதல் வருகையிலேயே பழைய டி அண்ட் சி விவரங்களையும் ஹிஸ்டரோஸ்கோப்பி அறிக்கையையும் காட்டிவிட வேண்டும். இருபதாவது வாரத்து ஸ்கேனிலும், பிறகு முப்பதாவது வாரத்தை ஒட்டியும் நஞ்சுக்கொடி எங்கே, எவ்வளவு ஆழத்தில் பதிந்திருக்கிறது என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிரசவத்தை இரத்த வங்கியும் மயக்க மருத்துவரும் எந்நேரமும் இருக்கும் மருத்துவமனையில் வைத்துக்கொள்ளுங்கள்.